ஒரு நாயகி, நான்கு பேர், ஒரு வத்தக்குழம்பு

வத்தக்குழம்பு வைக்கத் தெரிந்தவருக்குச் சீனத்து மாயக் காதல் நாவல் பாதி புரிந்த மாதிரிதான். தாங் சீ எழுதி 2009இல் புத்தகமாக வந்த ‘மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லீ பீச் மலர்கள்’ நாவலை எடுத்துக்கொள்வோம் (லீ என்பது சீனத் தூர அளவு). சாகாவரம் பெற்றவர்களும் மேலுலகமும் பிறவிச் சோதனைகளும் நிறைந்த இந்த வகைக்குச் சீனத்தில் ‘சியான்சியா’ என்று பெயர். நாயகி பாய் சியான் ஒன்பது வால் வெள்ளை நரி, வயது 1,40,000. அவள் கதையில் நான்கு ஆண்கள். “கடைசியில் யாரைக் கட்டிக்கொள்வாள்?” என்று கேட்டபடி படித்தால் சலித்துப்போகும், விடை தொடக்கத்திலேயே இருக்கிறது. யார் எப்போது சட்டியில் விழுகிறார் என்று பாருங்கள்.

முதலில் நல்லெண்ணெய் காய வேண்டும். முன்கதையில் சூ சூ என்ற மானுடப் பெண், காயம்பட்டு வந்த ஒருவனைக் காப்பாற்றி மணக்கிறாள். அவன் மேலுலகத்தின் பட்டத்து இளவரசன் யே ஹுவா. அவனோடு அங்கே போனவள் சூழ்ச்சியில் கண்களை இழக்கிறாள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு உயரமான மேடையிலிருந்து குதிக்கிறாள். உண்மையில் அவள்தான் பாய் சியான். மறக்க மருந்து வாங்கிக் குடித்துவிடுகிறாள். அவளுக்கு எல்லாம் போயிற்று, நமக்குப் போகவில்லை. எண்ணெய் அடியில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கறிவேப்பிலை, சாங் ஜி. பாய் சியானுக்கு நிச்சயிக்கப்பட்டு, அவளுடைய பணிப்பெண்ணையே கட்டிக்கொண்டவன். எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். ஆனால் வாசனை இறங்கிவிட்டது: அவன் முறித்த நிச்சயம்தான் பிறகு பட்டத்து இளவரசன் தலையில் விழுகிறது.

லீ ஜிங், சுண்டைக்காய் வத்தல். அவள் ஆண் வேடத்தில் சி யின் என்ற பெயரோடு குன்லுன் மலையில் சீடனாக இருந்தபோது காதலித்துத் துரோகம் செய்த இளவரசன். 70,000 ஆண்டுகள் கழித்து வந்து உருகுகிறான். கசப்பு கசப்புதான், அது இல்லாவிட்டால் இதை வத்தக்குழம்பு என்று யார் சொல்வார்?

புளிக்கரைசல்தான் சிக்கலான சரக்கு. குன்லுன் மலையில் அவளுடைய குருவாக இருந்த மோ யுவான் போரில் உயிர் துறக்கிறார். அவர் உடலை அழியவிடாமல் 70,000 ஆண்டுகள் தன் இதய ரத்தத்தைக் கொடுத்துக் காக்கிறாள். இது குருபக்தியா, காதலா? கதையைச் சொல்பவளே பாய் சியான்தான், பக்தி என்கிறாள். நான் முழுதாக நம்பவில்லை. யே ஹுவாவும் நம்பவில்லை, ஏனென்றால் இருவருக்கும் ஒரே முகம். காரணத்தை இங்கே உடைக்க மாட்டேன். ‘இவள் என்னைப் பார்க்கிறாளா, என் முகத்தில் இன்னொருவரைப் பார்க்கிறாளா?’ என்ற அவனுடைய சந்தேகம்தான் பச்சைப் புளி வாசனை. அது போகும்வரை குழம்பு கொதித்தே ஆக வேண்டும். நாவலின் நடுப்பகுதி நீள்வது இதனால்தான்.

நடுவே சின்னச் சுவைகளும் உண்டு. விட்டுப்போன பிள்ளைக்குப் பசையரிசி உருண்டை என்று செல்லப்பெயர். லட்சம் வயதான நாயகிக்குச் சமைக்கத் தெரியாது. அவள் வீட்டில் அடுப்படிப் பொறுப்பு யே ஹுவாவுடையது. தலைப்பில் உள்ள பீச் பூவுக்கும் ஒரு குறும்பு உண்டு. சீனத்தில் ‘பீச் பூ யோகம்’ என்றால் காதல் யோகம். வேண்டாத காதல் வந்து ஒட்டிக்கொண்டால் ‘அழுகிய பீச் பூ’. சாங் ஜியும் லீ ஜிங்கும் எந்தக் கூடையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சுண்டவைப்பது. அடுத்த பிறவி என்பது நேற்றைய குழம்பை இன்று மறுபடி அடுப்பேற்றுவது. சரக்கு அதேதான், தண்ணீர் வற்றியிருக்கும், காரம் கூடியிருக்கும். ஒரு கட்டத்தில் அடியில் கிடந்த எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். பாய் சியானுக்கு நினைவு திரும்பும் இடம் அதுதான்.

2017இல் இது 58 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரானது. யே ஹுவா, மோ யுவான் இருவராகவும் நடித்தவர் மார்க் சாவ். தொடர் குன்லுன் மலையிலிருந்து தொடங்குகிறது. அதாவது புளியை முதலில் ஊற்றிவிட்டார்கள். மோ யுவான் மீது பரிதாபம் கூடுகிறது, யே ஹுவா பிந்தி வந்தவன் ஆகிவிடுகிறான். தொடரைப் பார்த்தவரானாலும், புத்தகத்தை எடுத்தால் அந்த முன்கதையைத் தாண்டிப் போகாதீர்கள்.