மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன துணி கொடுக்கிறோம்?



ஐப்பசி பிறந்துவிட்டால் தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைகளில் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் வாசலுக்கு வந்துவிடும். கீழே இருக்கும் நமக்கு அது இரண்டு மாதச் சரக்கு. மலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி இல்லை. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மூன்று பாதைகளிலும் விடியற்காலை ஜீப்புகளில் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்கு ஏறும் பெண்கள், தென்மேற்குப் பருவமழையிலேயே குளிரைப் பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் துணி வாங்குவது நம்மிடம்தான். ஆகவே அவர்கள் நடுங்கினால் அதில் நமக்கும் பங்கு உண்டு. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரிலிருந்து ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு ஒரு லோடு கொள்முதல் செய்தோம். நல்ல தடிமனான பருத்தி மேலாடை. உள்பக்கம் பஞ்சு போல மெத்தென்று இருக்கும். கையில் எடுத்தாலே கனம் தெரியும். "குளிருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?" என்று சொல்லியே சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினோம். சரக்கும் ஒரே மாதத்தில் தீர்ந்தது. அடுத்த மாதம் தேவாரம் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் வந்து, "அண்ணாச்சி, அந்தச் சரக்கு இனி வேண்டாம். வாங்கினவங்க எல்லாம் கடைக்கு வந்து சத்தம் போடுறாங்க" என்றார். துணியில் கிழிசல் இல்லை, சாயமும் போகவில்லை. பிறகு என்ன குறை என்று எங்களுக்கு விளங்கவில்லை. நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் விடியற்காலை அவர்களோடு ஜீப்பில் ஏறிவிட்டோம்.

தோட்டத்தில் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே குனிந்தும் குத்தவைத்தும்தான் பறிக்க வேண்டும். தலைக்கு மேலே இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. சரிவில் ஏறும்போது உடம்பு வேர்க்கிறது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தால் அதே வேர்வை குளிர்கிறது. எங்கள் கடைத் துணியைப் போட்டிருந்த ஒரு அம்மா சொன்னார்: "ஏறும்போது கதகதன்னு நல்லாத்தாண்ணே இருக்கு. ஒரு மழை பிடிச்சா ஈரச் சாக்கைச் சுமக்குற மாதிரி ஆகிப்போகுது. போட்டாலும் குளிரு, கழட்டினாலும் குளிரு." அன்று அவருக்குக் காய்ச்சல். கூலி போய்விடும் என்று வேலைக்கு வந்திருந்தார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

குளிர் எப்படித் தாக்குகிறது?

கம்பம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். மேகமலை ஏறக்குறைய 1500 மீட்டர். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 22 டிகிரி இருக்கும் காலையில் மேலே 15 டிகிரிதான் இருக்கும். காற்றும் மழையும் சேர்ந்தால் உடம்புக்கு அது இன்னும் குறைவாகவே தெரியும். மூணாறுப் பக்கம் 2019 ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படர்ந்ததை நாம் அறிவோம்.

துணி தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் தருகிறது; மேட்டில் ஏறும்போது அதைப்போலப் பல மடங்கு. அந்த வெப்பம் ஓடிவிடாமல் நிறுத்துவது துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு கடத்தும். துணியில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் அது எவ்வளவு தடிமனாக இருந்தும் பயன் இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நம் வெயிலுக்கு அது வரம். மலை மழையில் அதுவே தொல்லை.

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. உறைபனி விழுந்தால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. நனைந்து காற்றில் நின்றால் 10 டிகிரியிலும் ஆகும். விடாத நடுக்கம், கை தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை அறிகுறிகள். அப்படிப்பட்டவருக்கு முதலில் ஈரத்துணியை மாற்றி, காய்ந்த துணியால் தலையோடு போர்த்தி, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒன்று தடிப்பதைவிட மூன்று மெலிவது மேல்

இதற்கு உலகம் முழுவதும் கண்ட வழி அடுக்கு உடை. ஒரே தடித்த துணிக்குப் பதில் மெல்லியதாக மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையே கொஞ்சம் காற்று நிற்கும். வேர்க்கும்போது ஒன்றைக் கழற்றலாம், உட்காரும்போது திரும்பப் போடலாம். 1924இல் எவரெஸ்டில் ஏறி மறைந்த மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தது. அவர் உடுத்தியிருந்தது பட்டு, பருத்தி, கம்பளி என்று பல மெல்லிய துணிகள். அவற்றுக்கு மேலே காற்றுப் புகாத நெருக்க நெசவுத் துணி. 2006இல் அதே போல உடை தைத்து மலையில் போட்டுப் பார்த்து, குளிர் தாங்கும் என்று கண்டார்கள். நார்வே நாட்டு ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் 1933இல் பழைய மீன்வலையை வெட்டி பனியன் தைத்தார். வலையின் கண்களில் காற்று நின்று உடம்பைக் காத்தது. ஓட்டையான பனியன் குளிருக்கு உதவும் என்றால் நம் கடையில் யார் நம்புவார்கள்? மேலே இன்னொரு துணி போட்டால் உதவும்.

அடுக்குகளின் வேலையைப் பிரித்துச் சொல்கிறோம்.

முதல் அடுக்கு, உடம்பை ஒட்டியது. வேர்வையை வெளியே தள்ளிவிட்டுச் சீக்கிரம் காய வேண்டும். மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் முழுக்கை பனியன் ஏற்றது. பருத்திதான் கட்டுப்படியாகும் என்பவர்களுக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய மாற்றுப் பனியன் ஒன்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சூட்டை நிறுத்துவது. கம்பளி, அக்ரிலிக் ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அக்ரிலிக்கும் ஃபிளீஸும் விலை குறைவு, சீக்கிரம் காயும்.

மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுப்பது. கழுத்திலும் அக்குளிலும் கொஞ்சம் திறப்பு இருந்தால்தான் வேர்வை போகும். இது ஒரு அளவு பெரியதாக இருக்க வேண்டும். இறுக்கமாகப் போட்டால் உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, மூன்று போட்டும் ஒன்று போட்ட பலன்தான். தலைக்குக் குல்லாவும் காலுக்குக் காய்ந்த சாக்ஸும் மறக்கக்கூடாது.

நாங்கள் பார்த்த பெண்கள் இதில் பாதியை முன்பே செய்துகொண்டிருந்தார்கள். ரவிக்கை, சேலை, அதற்கு மேலே வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள். இல்லாதது நடு அடுக்கு ஒன்றுதான். சட்டைக்கு உள்ளே போடும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும். நாங்கள் கொடுத்த தடித்த மேலாடை சட்டைக்குள்ளும் போகவில்லை, நனைந்தால் காயவும் இல்லை.

அந்தக் காலத்தில் தோட்டத் துரைமார் இந்த மலைகளில் வேட்டைக்குப் போவார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மேகமலைக் காடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இன்று காட்டில் இரவு பகலாக நடப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். வேட்டைக்காரனுக்கு இருந்த சிக்கல்தான் இவர்களுக்கும்: மேடு ஏறி வேர்த்து, பிறகு சத்தமில்லாமல் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். வேர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்ற வேண்டும், குளிரும் முன்பே ஒன்றைப் போட வேண்டும். இவர்களில் யாராவது கடைக்கு வந்தால் இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்புங்கள். கார்த்திகையில் குமுளி வழியாகச் சபரிமலை போகும் சாமிமார்களுக்கும் இதுவே பொருந்தும். குளித்த ஈரத்தோடு கறுப்புச் சால்வையைப் போர்த்துவதைவிட, காய்ந்த பனியனைப் போட்டுக்கொண்டு போர்த்துவது நல்லது.

கடையில் நாம் செய்ய வேண்டியது

முதலாவது, அக்ரிலிக்கைக் கம்பளி என்று சொல்லி விற்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடை அடித்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அப்படி உருகும் துணியைப் போட்டுக்கொண்டு அடுப்பருகிலும் தீ மூட்டிய இடத்திலும் நெருங்கி உட்காரக் கூடாது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, சரக்கை ஐப்பசிக்கு என்று வைத்திருக்காதீர்கள். ஏலக்காய்ப் பறிப்பு மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. முழுக்கை பனியனும் மெல்லிய ஸ்வெட்டரும் ஆனிக்குள் கடைக்கு வந்துவிட வேண்டும். மிஞ்சிய கம்பளியை நன்றாக உலர்த்தி, அந்துருண்டை போட்டு மூடிவைத்தால் அடுத்த பருவத்துக்கு ஆகும்.

மூன்றாவதுதான் முக்கியம். அடுக்கு என்றதும் மூன்றையும் கட்டித் தலையில் வைக்கலாம் என்று ஆசை வரும், எங்களுக்கும் வந்தது. வாங்க வருகிறவரிடம் "என்ன வேலை, எங்கே, வீட்டில் என்ன துணி இருக்கிறது?" என்று கேளுங்கள். இல்லாத ஒன்றை மட்டும் கொடுங்கள். அன்றைய விற்றுவரவு குறையும்தான். ஆனால் ஒரு ஜீப்பில் ஒருவருக்குத் துணி பிடித்துப்போனால் மற்றவர்களும் அதே கடையைத் தேடி வருவார்கள். பிடிக்காமல் போனாலும் அந்தச் செய்தி அதே ஜீப்பில்தான் ஊர் ஊராகப் போகும்.

அந்தப் பருத்தி மேலாடைகளில் திரும்பி வந்தவற்றை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கொடுத்தோம். அந்த வருடக் கணக்கில் அது நட்டம். மறு வருடம் அதே தேவாரத்து வியாபாரி, ஆனி பிறக்கும் முன்பே ஆர்டரோடு வந்து நின்றார்.