அந்தரத்தில் நிற்கும் விமானமும் ஊசி வால்வும்

மாதிரி விமானம் மூக்கை மேலே தூக்கி, ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதைக் காணொலியில் பார்த்துவிட்டு, “எப்படி சார் நிக்குது?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அப்போது முன்னோக்கிய வேகம் இல்லாததால் இறக்கைகள் தூக்குவிசை தருவதில்லை. பிரொப்பெல்லரின் உந்துவிசை மட்டுமே முழு எடையையும் தாங்குகிறது. எஞ்சின் நின்றால் சறுக்கி இறங்க வழியில்லை, நேரே விழும். எனவே எஞ்சினைச் சரியாகத் திருத்துவது இங்கே பாதுகாப்பு சார்ந்த வேலை.

மேட்டுப்பாளையத்தில் எங்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. புதுச்சேரி விமான நிலையம் பக்கத்து லாஸ்பேட்டையில் இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் முன் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. அதனால் மாணவர்களுடன் நான் எஞ்சினைத் தாங்கியில் பொருத்தித் தரையில் மட்டுமே இயக்குகிறேன். பறக்கும் நிலையில் என்ன நேருமோ, அதைத் தரையிலேயே உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்பதே இச்செயல்பாட்டின் மையக் கருத்து.

படுத்த நிலையும் நிமிர்ந்த நிலையும்

குளோ எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிளக்கில் உள்ள பிளாட்டினக் கம்பி வினையூக்கியாகச் செயல்பட்டு, மெத்தனால் ஆவியை எரியச் செய்கிறது. எரிபொருளிலேயே எண்ணெயும் கலந்திருக்கும். ஆகவே எரிபொருள் குறைந்தால் (மெக்கானிக்குகள் சொல்லும் ‘லீன்’) எஞ்சின் சூடேறும்; மசகும் குறையும்.

எரிபொருள் டேங்க் கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு மேலே போனால் டேங்க் கீழே போய்விடும். 15 செ.மீ. உயர வேறுபாடும், எரிபொருளின் அடர்த்தி சுமார் 0.85 கி./க.செ.மீ. என்பதும் எடுத்துக்கொண்டால், அழுத்த இழப்பு hρg ஏறத்தாழ 1,250 பாஸ்கல். பாடப்புத்தகச் சூத்திரம் இங்கே நேரடியாக வேலை செய்கிறது. படுத்த நிலையில் சரியாக ஓடிய எஞ்சின் நிமிர்த்தியதும் லீனாகி நிற்பதற்குக் காரணம் இதுதான். சைலன்சரிலிருந்து டேங்குக்கு ஒரு குழாய் இணைத்தால், புகையழுத்தம் இழப்பை ஓரளவு ஈடுசெய்யும்.

திருத்தும் வரிசை

1. டேங்கின் நடுக்கோடு ஊசி வால்வின் மட்டத்தில் இருக்கட்டும். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குக.

2. முழு திராட்டிலில் பெரிய ஊசியை மெல்ல மூடி, உச்சச் சுழற்சியைக் கண்டறிக. பிறகு நிமிடத்துக்கு 200–300 சுற்று குறையும் வரை திறந்து விடுக.

3. தாங்கியோடு மூக்கை மேலே நிமிர்த்துக. சுழற்சி மாறாமலோ சற்றுக் கூடியோ இருந்தால் சரி. தளர்ந்தால் லீன், ஊசியை ஓரிரு கிளிக் திறக்க வேண்டும்.

4. குறைந்த வேகத்தில் எரிபொருள் குழாயை நசுக்கிப் பார்க்க. உடனே நின்றால் சிறிய ஊசி லீன். சுழற்சி வெகுவாக ஏறினால் எரிபொருள் அதிகம். சற்றே ஏறி நின்றால் சரி.

5. அந்தரத்தில் நிற்கும்போது எஞ்சின் பெரும்பாலும் நடு திராட்டிலில்தான் ஓடும். ஆகவே நிமிர்ந்த நிலையில் நடு திராட்டிலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, சட்டென முழுதும் திறக்க. தயங்காமல் வேகமெடுத்தால் தேர்ச்சி.

ஒரு நேரத்தில் ஒரு ஊசியை மட்டும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் மாணவர்கள் அட்டவணையில் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிய முடியாது.

வெயிலையும் குறித்துக்கொள்ளுங்கள். 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி 25 டிகிரியில் உள்ளதைவிட ஏறத்தாழ 3 சதவீதம் குறைவு. நண்பகலில் திருத்திய எஞ்சின் மறுநாள் குளிர்ந்த காலையில் லீனாகும். காலையில் மீண்டும் சோதிக்காமல் நம்பக் கூடாது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

மெத்தனால் நஞ்சு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்ததை நம் மாணவர்கள் அறிவார்கள். எரிபொருளைப் பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது. கையுறை அணிய வேண்டும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினை ஆசிரியரே இயக்க வேண்டும். பிரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

எஞ்சின் இல்லாத பள்ளிகளும் இப்பாடத்தின் பாதியை நடத்தலாம். நீர் நிரம்பிய பாட்டிலில் ஓர் உறிஞ்சுகுழாயை இட்டு, பாட்டிலை முதலில் வாயின் மட்டத்திலும் பிறகு 15 செ.மீ. கீழேயும் வைத்து நீரை உறிஞ்சச் சொல்லுங்கள். டேங்க் கீழே போனதும் எஞ்சின் ஏன் திணறுகிறது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.