வேனுக்குள் ஒரு படுக்கை

வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தில், ராத்திரி எங்கே தங்குவது என்று யாரும் விசாரப்பட்டதில்லை. வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளத்தை விரித்தால் பஞ்சணை தயார்!

அந்தச் சௌகரியத்தை இன்று ஒரு பழைய ஆம்னி வேனிலும் பெறலாம். 1984-ல் வந்த மாருதி வேன்தான் பிறகு ஆம்னி ஆயிற்று. 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டாலும், கம்பம் பள்ளத்தாக்கில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் தம்பியான ஈக்கோவுக்கும் இதே யோசனை பொருந்தும்.

ஆசாரியை அழைக்குமுன் ஒரு விஷயம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள அமைப்பை இஷ்டம்போல மாற்றக் கூடாது. ஆகவே தரையில் துளை போடாதீர்கள். இருக்கையைக் கழற்றி எறியாதீர்கள். கட்டில் என்பது ராத்திரி விரித்து, காலையில் எடுத்துவிடும் சாமானாகவே இருக்கட்டும்.

பின் இருக்கையின் முதுகு மடியுமானால் மடித்து, அந்த உயரத்துக்கே கால் வைத்த பலகைகளைப் போடுங்கள். ஒரே பலகை வேண்டாம். ஒரு ஆள் தூக்கக்கூடிய மூன்று துண்டுகள் போதும். ஆறடி தேறாவிட்டால், முன் இருக்கையை முன்னே தள்ளி, கீல் வைத்த துண்டினால் இடைவெளியை மூடலாம். வண்டி ஓடும்போது பலகைகளை வாரினால் இறுகக் கட்டுவது அவசியம். சடன் பிரேக் போட்டால் அவை பிடரியில் பாயும்!

மெத்தைக்கு வெளியூர் போவானேன்? போடி இலவம் பஞ்சு இருக்கிறது.

எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்தால், அந்தச் சூடு லேசில் தணியாது. தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துப் படுப்பதே சுகம்.

குளிருகிறதென்றோ, ஏ.ஸி. வேண்டுமென்றோ எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று நிபுணர்கள் கண்டார்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவனை எழுப்பாது. உள்ளே அடுப்பு மூட்டுவதும் இதே ஆபத்துதான். எதிரெதிர் ஜன்னல்களை நாலு விரல் திறந்து, கொசுவலை கட்டுங்கள்.

மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தி உறங்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கீழே தெரிந்தவர் திராட்சைத் தோட்டமோ, சொல்லிவிட்டு நிறுத்தும் பெட்ரோல் பங்கோ போதும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து வண்டியையே ஆட்டும். முகப்பை மேற்கே திருப்பி நிறுத்தினால், கிழக்கே தூக்கிய பின்கதவின் மறைவில் உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.