கொப்புளம் எல்லாம் அம்மையன்று

கோடை வெயில் முற்றும் நாட்களில், தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர் போன்ற சென்னையின் தென்புறத்து ஊர்களில் குழந்தையின் உடலில் நீர்க்கொப்புளம் கண்டால், “அம்மை வார்த்திருக்கிறது” என்று வாசலில் வேப்பிலை செருகுவோர் இன்றும் உளர். குளிப்பாட்டுவதை நிறுத்திவிடுவர், மருந்தும் கொடார். பெரியம்மை உயிர்களைக் கொள்ளை கொண்ட காலத்தில், நோயாளியை ஒதுக்கி வைக்க இவ்வழக்கம் ஓரளவு பயன்பட்டிருக்கலாம். அந்நோயோ 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டை விட்டு அகன்றது. இன்று காணும் கொப்புளம் சின்னம்மையாக இருக்கலாம். தோலைப் பற்றும் கிருமியின் வேலையாகவும் இருக்கலாம். பின்னதாயின், குளிப்பாட்டாமையே நோயை வளர்க்கும்.

கிருமியும் அதன் செயலும்

இக்கிருமியின் பெயர் ஸ்டஃபிலோகாக்கஸ். உருப்பெருக்கியில் திராட்சைக் குலை போலத் தோன்றுவதால், 1882-இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் கிரேக்க மொழியிலிருந்து இப்பெயரை இட்டார். நம்முள் 10 பேரில் ஏறத்தாழ 3 பேரின் மூக்கில் இது தீங்கின்றி வாழ்கிறது. வியர்க்குருவைச் சொறிந்த இடத்திலோ, கொசுக்கடியிலோ நுழைந்தால் தொல்லை தருகிறது. இதன் சில வகைகள் ஒரு நஞ்சை உண்டாக்கும். செங்கற்களை இணைக்கும் சாந்து போல, மேல்தோலின் அணுக்களை இணைக்கும் பொருளை அந்நஞ்சு அறுத்துவிடும். பிரிந்த இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது.

வேறுபாடு அறிதல்

சின்னம்மையில் காய்ச்சலும் அரிப்பும் இருக்கும். சிறு கொப்புளங்கள் உடலெங்கும் அடுத்தடுத்துத் தோன்றும். கிருமிக் கொப்புளமோ பெரிது, தளர்ந்தது. அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், முகம் ஆகிய இடங்களில் காணும். எளிதில் உடைந்து, தேன் நிறப் பொருக்கு படியும். பெரும்பாலும் காய்ச்சல் இராது. ஐயம் இருப்பின் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

செய்ய வேண்டுவன

நாள்தோறும் சோப்பும் நல்ல நீரும் கொண்டு புண்ணை மெல்லக் கழுவுக. சின்னம்மைக்கும் குளியல் தீங்கன்று. சாம்பல், சாணம், மருந்துக் கடைக்காரர் தரும் ஏதோவொரு களிம்பு ஆகியவற்றைத் தடவலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். குழந்தையின் நகத்தை வெட்டுக. துண்டும் பாயும் தனியாக இருக்கட்டும். தொட்டவர் கை கழுவுதல் இன்றியமையாதது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியது போன்ற வெள்ளக் காலங்களில், நல்ல நீர் கிடைப்பது அரிது. பலர் ஓரிடத்தில் நெருங்கித் தங்க நேரும். அப்போது இக்கவனம் இருமடங்கு வேண்டும்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைக்குழந்தைக்குக் காய்ச்சலுடன் தோல் சிவந்து, தொட்டாலே அழுது, வெந்நீர் பட்டது போல உரிந்தால், அந்நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது என்பது பொருள். அக்குழந்தையை ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் தழும்பின்றித் தேறிவிடுவர். வேப்பிலையை நம்பி இழக்கும் இரண்டு நாட்களே ஆபத்தாக முடியலாம்.