நாற்பது நாள் கொட்டில்: பிற்காலப் பாண்டியர் குதிரைகளின் தீனியும் பயிற்சியும்

பிற்காலப் பாண்டியரின் குதிரை இறக்குமதி குறித்து எழுதுவோர் அயலவர் இருவரின் கூற்றுகளைத் தவறாமல் எடுத்தாள்வர். ஒருவர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட இக்கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ. மற்றவர், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் வரலாறு வரைந்த வஸ்ஸாஃப். அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் 100 கூட எஞ்சுவதில்லை என்கிறார் முன்னவர். ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1400 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பின்னவர் கணக்குத் தருகிறார். இவ்விரு குறிப்புகளிலிருந்து, தமிழர் குதிரை வளர்ப்பு அறியாதவர் என்னும் முடிவு எளிதிற் பெறப்பட்டு நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்டு வருகிறது. அம்முடிவு எவ்வளவு தாங்கும் என்பதைக் குதிரையின் உடலியல் கொண்டும் தமிழ்ச் சொல்வழக்குக் கொண்டும் சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வஸ்ஸாஃபின் குறிப்பில் இரு குற்றச்சாட்டுகள் பின்னிக் கிடக்கின்றன. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிற் சமைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் தீனியாகத் தரப்பட்டன என்பது ஒன்று. கொழுக்க வேண்டுமென்று குதிரைகளை நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கொட்டிலிற் பிணித்துவைத்து, பின்னர் எப்பயிற்சியுமின்றி வீரர் ஏறிச் செலுத்தினர் என்பது மற்றொன்று. வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சின்னாளிலேயே தளர்ந்து பயனற்றுப்போயின என அவர் முடிக்கிறார். இவ்விரண்டையும் பிரித்தே ஆராய வேண்டும்.

குதிரையின் பிடரி தொடங்கித் தோள்மேடு, முதுகு, இடுப்பு வழியே வால்முளை வரை செல்லும் மேற்கோட்டின் நிறைவே அதன் உடற்கட்டுக்கு அளவுகோல். அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்தை உள்ளிட்ட வட்டாரத்தில் ஐயனார்க்கு நேர்ந்துவிடப்படும் சுடுமண் குதிரைகளின் வளைந்த கழுத்திலும் திரண்ட முதுகிலும் இக்கோட்டைக் காணலாம். (வேளார் கைமரபை உயிர்க்குதிரையின் நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் கூடாது, அவை ஓர் இலட்சிய வடிவத்தையே காட்டுவன.) மேற்கோடு இருவகையால் நிறையும்: கொழுப்பால், அல்லது தசையால். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இன்று உலகெங்கும் வழங்கும் ஹென்னெக்கின் 1983ஆம் ஆண்டு அளவீடு உடல்நிலையை 1 முதல் 9 வரை தரம்பிரிப்பது. அதுவும் கொழுப்பைத்தான் அளக்கும், தசையை அன்று. ஏறுவோன் எடையைத் தாங்குவது முதுகின் நெடுந்தசையும் அதற்குக் கீழிருந்து துணைசெய்யும் வயிற்றுத்தசையும் ஆகும். கொட்டிலில் நாற்பது நாள் அசையாது நின்ற குதிரையின் முதுகு உருண்டிருக்கலாம். அதன் தசையோ அந்நாட்களில் மெலிந்திருக்கும்.

இனித் தீனி. தசை வளரப் புரதம் வேண்டும். புரதத்தினும் அதன் கூறாகிய லைசின் என்னும் அமினோ அமிலமே குதிரைக்கு முதலிற் பற்றாக்குறையாவது. 500 கிலோ எடையுள்ள வளர்ந்த குதிரை, வேலையின்றி நிற்கும்போதே நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 கிராம் புரதமும் 27 கிராம் லைசினும் வேண்டுவது. அரிசியிற் புரதம் 7 விழுக்காட்டளவே, மாச்சத்தே மிகுதி. சோற்றை மிகுதியாக இட்டால் குடல் நோவும் குளம்பழற்சியும் நேரும். வெண்ணெய் ஆற்றல் தரும். எஞ்சுவது கொழுப்பாகப் படியும். பாலில் லைசின் உண்டெனினும், வளர்ந்த குதிரைக்குப் பாற்சர்க்கரை எளிதிற் செரியாது. ஆகவே வஸ்ஸாஃப் கூறும் தீனி கொழுக்கவைக்கும் தீனியே. தசை வளர்க்கும் தீனி அன்று.

ஆனால் இது அறியாமையின் விளைவா? சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தனர் என மார்க்கோ போலோ வியந்து எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே, அர்த்தசாத்திரத்தின் குதிரைக் கண்காணிப்பாளர் இயல் உயர்ந்த குதிரைக்கு இரண்டு துரோணம் தானியத்தோடு 50 பலம் இறைச்சியையும் ஒரு பிரஸ்தம் நெய் அல்லது எண்ணெயையும் 5 பலம் உப்பையும் விதிக்கிறது. எனவே அயலவர் கண்டது தாறுமாறான பழக்கம் அன்று. எழுத்தில் வகுக்கப்பட்ட ஒரு மரபின் தொடர்ச்சி. இறைச்சி லைசின் குறையை ஓரளவு நிரப்பியிருக்கும் என்பதும் கருதத்தக்கது. தமிழகத்தில் அவ்விடத்தை நிரப்பவல்லது கொள்ளு. காணம் எனவும் வழங்கும் அதன் புரதம் ஏறத்தாழ 22 விழுக்காடு, லைசின் நிறைந்தது. அதனை ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்கும் வழக்கமும் பொருளுடையது. பச்சைக்கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் வேகும்போது குறையும். பாரசீகக் குதிரை தன் நாட்டில் உண்டு வளர்ந்த பசுந்தீவனத்தை இன்று நாம் குதிரைமசால் என்கிறோம். அதனை விட்டுக் கப்பலேறிய விலங்கு இங்கே திடீரெனத் தானியத்துக்கு மாறியது என்பதை மறத்தலாகாது.

மார்க்கோ போலோவின் மற்றொரு குறிப்பு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. நல்ல பெட்டைக்கும் நல்ல ஆண்குதிரைக்கும் பிறந்த குட்டிகூட இங்கே கோணற்காலோடு ஏறுதற்கு உதவாததாய் அமைகிறது என்கிறார். காரணம் தட்பவெப்பம் என்பது அவர் துணிபு. தட்பவெப்பத்தினும் தீனியே முதற்கண் ஐயுறத்தக்கது. நெற்றவிட்டில் பாஸ்பரஸ் 1.5 விழுக்காட்டளவு உண்டு. கால்சியமோ அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. குதிரையின் தீனியில் கால்சியம் பாஸ்பரசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். குறையின் எலும்பு நெகிழும். அரைத்த சுண்ணாம்புக்கல்லைச் சிறிதளவு தீனியிற் கலப்பது இதற்கு இன்று கூறப்படும் எளிய மாற்று. சிமெண்டு ஆலைக்காக ரெட்டிபாளையத்தில் வெட்டியெடுக்கப்படும் கல்லும் சுண்ணாம்புக்கல்லே. குறை மண்ணில் இல்லை. தவிட்டுத் தொட்டியில்தான் இருந்திருக்கும்.

பயிற்சி பற்றிய குற்றச்சாட்டுக்கு வருவோம். எப்பயிற்சியுமின்றி என்னும் வஸ்ஸாஃபின் சொல்லை அப்படியே ஏற்கத் தமிழ்ச் சொல்வளம் இடந்தரவில்லை. குதிரை பழக்கும் வெளிக்குச் செண்டுவெளி என்றும் வையாளிவீதி என்றும் பெயருண்டு. பழக்குவோன் வாதுவன். நேரோட்டம் ஆதி, வட்டமாய் ஓட்டுதல் சாரி. விக்கிதம், வற்கிதம், உபகண்டம், சவம், மாசவம் என நடை ஐந்தாகப் பகுக்கப்படும். இவற்றுட் பல வடசொல் என்பது மெய்யே. வற்கிதம் வடமொழி வல்கிதத்தின் திரிபாகலாம். அர்த்தசாத்திரமும் வல்கனம் என வட்டநடைகளை வகைப்படுத்துகிறது. எனினும் கடன்பெற்ற சொல்லும் தொழில் இல்லாத இடத்தில் வேரூன்றாது. வட்டத்திற் செலுத்தும்போது குதிரை உடலை வளைத்து உட்புறப் பின்காலை வயிற்றின்கீழ் ஊன்றுகிறது. அதனால் வயிற்றுத்தசை இறுகி முதுகு மேலெழுகிறது. நடைவிட்டு நடை மாற்றுதலும் அதனையே செய்யும். இன்றைய பயிற்றுநர் முதுகுத்தசைக்கு விதிப்பனவும் பெரும்பாலும் இவையே. இதற்குத் திங்கட்கணக்கிற் காலமும், இடையிடையே ஓய்வும், படிப்படியாக ஏறும் சுமையும் வேண்டும்.

நாற்பது நாள் என்னும் கணக்கை இவ்வொளியில் வேறாகவும் படிக்கலாம். வாரக்கணக்கிற் கப்பலில் நின்றே வந்த குதிரைக்குக் கரையிற் சில வாரம் ஓய்வும் ஊட்டமும் தருதல் முறையே. பிழை கட்டிவைத்ததில் இல்லை. கட்டவிழ்த்த மறுநாளே போர்வீரனை ஏற்றியதில் உள்ளது. வையாளிவீதியின் சொல்வளத்தை உடைய நாட்டில் அவ்விடைப்பட்ட திங்கள்கள் ஏன் விடுபட்டன? ஆண்டுதோறும் புதுச்சரக்கு வந்திறங்கும் துறைகளில், பழக்கிக் காப்பதினும் மீண்டும் வாங்குதல் எளிதாகத் தோன்றியிருக்கும். குதிரை மருத்துவர் எவரும் இந்நாட்டுக்கு வாராதபடி குதிரை வணிகர் பார்த்துக்கொண்டனர் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். ஆண்டிறுதியில் 100 குதிரை எஞ்சாமை அவர்களுக்கு இழப்பு அன்று. அடுத்த ஆண்டின் விற்பனை.