யாருடைய கவனக்குறைவு? வயல் இயந்திர விபத்துகளும் சட்டமும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், குன்றை ஒட்டி அமைந்த ஊர் பெருமுக்கல். கிழக்கே உப்பளங்கள், சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் வயல்கள். இவ்வட்டாரத்தில் நிலமற்ற தலித் தொழிலாளர்கள் பருவத்திற்கேற்ப வயலிலும் உப்பளத்திலும் கூலி வேலை செய்கின்றனர். நிலமும் இயந்திரமும் பெரும்பாலும் பிறருடையவை. அவற்றினருகே நிற்கும் உடல் மட்டுமே இவர்களுடையது. அறுவடை நாளில் ஒரு கை போய்விட்டால் முதலில் எழும் சொல் ‘கவனக்குறைவு’ என்பதே. அது யாருடைய கவனக்குறைவு என்று நாம் கேட்டாக வேண்டும்.

டிராக்டரின் பின்புறம் சுழன்று, கதிரடிக்கும் இயந்திரத்தை இயக்கும் தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது, ஒரு வினாடிக்கு 9 சுற்று. முந்தானையோ துண்டோ அதில் சிக்கினால் சுதாரித்துக்கொள்ள அவகாசமில்லை. ஆகவே அத்தண்டின் மேல் உறை இருக்க வேண்டும். கதிரைத் தள்ளும் வாய்ப்பகுதி குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளமும், அதில் 45 சென்டிமீட்டர் மூடியும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தள்ளுகிற கை சுழலும் உருளையைத் தொட்டுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். சிக்கிய வைக்கோலை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்துவதும், இருட்டிலும் களைப்பிலும் வேலை வாங்காதிருப்பதும் இதே அளவு முக்கியமானவை. புடவையை இறுகக் கட்டிக்கொள்ளுமாறு பெண்களுக்கு அறிவுரை கூறுவது எளிது. உறையைப் பொருத்துவதோ உரிமையாளரின் கடமை.

இக்கடமை புதியதன்று. கதிரடிக்கும் இயந்திரங்களால் கைகால்கள் துண்டாவதைத் தடுக்கவே நாடாளுமன்றம் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தை இயற்றியது. அதற்கும் முந்தையது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் ஏற்பாடுகள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் கொண்டுவரப்பட்டுள்ளன. டிராக்டர் அல்லது மின்சாரம் முதலியவற்றால் இயங்கும் கருவிகளைக் கொண்டு நடக்கும் விவசாய வேலையும் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. தினக்கூலி என்பதற்காகவே தொழிலாளரை விலக்கிய சொற்கள் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டன.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: வெறும் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. தொழிலாளர் போதையில் இருந்தார், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினார் என்பவற்றுள் ஒன்றையாவது முதலாளி நிறுவ வேண்டும். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்த வாதங்களும் செல்லா.

ஆனால் சட்டம் தானாக நடந்து வீட்டுக்கு வருவதில்லை. விபத்து நடந்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், எந்த வயலில், எந்த இயந்திரத்தில் காயம்பட்டது என்பதைத் தெளிவாக எழுதச் செய்ய வேண்டும். ‘கீழே விழுந்தார்’ என்ற பதிவு பின்னாளில் வழக்கையே குலைத்துவிடும். உறையில்லாத இயந்திரத்தை, அது பழுதுபார்க்கப்படும் முன் படம் எடுக்க வேண்டும். உடன் வேலை செய்தோரின் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் புகார் அளித்து ரசீது பெற வேண்டும். முதலாளிக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பி, இரண்டாண்டுகளுக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் இழப்பீடு கோர வேண்டும்.

ஊரில் பேசி முடிக்கும் வழக்கம்தான் பெரிய இடர். அடுத்த பருவத்துக்கும் அதே நிலத்தில்தான் வேலை கேட்க வேண்டும் என்ற அச்சத்தில், சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு முத்திரைத்தாளில் கையெழுத்திடுகின்றனர். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரணம் நேர்ந்தால் இழப்பீட்டை உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேரே கொடுத்ததை இழப்பீடாகச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே கையெழுத்திட்டவர்களும் சோர்ந்துவிட வேண்டியதில்லை.

அறுவடைக்கு முன் ஒரு மாலை, சட்டம் பயிலும் மாணவர்கள் சேரிக்குச் சென்று இவற்றைப் பேசலாம். களத்துக்கு வரும் இயந்திரத்தில் உறையும் மூடியும் உள்ளனவா என்று தொழிலாளருடன் சேர்ந்து பார்க்கலாம். உறையில்லாத இயந்திரத்தின் அருகே நிற்க மாட்டோம் என்று ஒருவர் மட்டும் சொன்னால் அவருக்கு வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் உறை வரும்.