மரம் வேண்டாம் என்றவர்கள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2011 முதல் 2014 வரை ‘தி கிரீனிங் ஆஃப் டெட்ராய்ட்’ என்ற தொண்டு நிறுவனம், நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே வீட்டெதிரில் கிடக்கும் மண் பட்டையில் இலவசமாக மரம் நட்டுத் தர முன்வந்தது. கன்றுக்குக் காசில்லை, குழி தோண்டக் கூலியில்லை, முதல் மூன்றாண்டுப் பராமரிப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. அப்படியிருந்தும், மரம் பெறத் தகுதியிருந்த 7,425 குடியிருப்பாளர்களில் ஏறக்குறைய 1,800 பேர், அதாவது நான்கில் ஒருவர், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும், வறுமை மிகுந்த நகரம் அது. நிழலும் அங்கே குறைவு. ஓசியில் வரும் மரத்தை ஒருவர் மறுத்தால் ‘அறியாமை’ என்ற சொல்தான் நம்மில் பலருக்கு முதலில் வாயில் வரும். அந்த மறுப்பின் பின்னால் இருந்தது அறியாமை இல்லை, நல்ல கணக்கு என்பது என் எண்ணம். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் ஏழைகளின் தெருக்களில் மரம் நடப் புறப்படுவது பணத்தையும் கன்றுகளையும் சேர்த்தே வீணடிக்கும்.

முதலில், அந்தத் தெருக்களுக்கு மரம் தேவை என்பதில் ஐயம் வேண்டாம். 1930-களில் அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று, எந்தப் பகுதியில் கடன் கொடுப்பது ஆபத்து என்று காட்டுவதற்காக நகர வரைபடங்களுக்கு நிறம் தீட்டியது. கறுப்பர்களும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு விழுந்தது. கடன் வராத இடத்துக்கு முதலீடு வரவில்லை, பூங்காவும் மரமும் வரவில்லை; நெடுஞ்சாலையும் கிடங்கும் வந்தன. 108 நகரங்களின் செயற்கைக்கோள் தரவுகளை அந்தப் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, 94 விழுக்காடு நகரங்களில் சிவப்புப் பகுதிகளின் தரை மற்ற பகுதிகளைவிட அதிகம் சூடாவதைக் காட்டியது. சராசரி வித்தியாசம் 2.6 டிகிரி செல்சியஸ். சில நகரங்களில் 7 டிகிரி வரை. தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்குகின்றன. மரம் அந்த வெயில் தரையில் விழாமல் தடுக்கிறது. வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கிச் சுற்றுப்புறக் காற்றையும் தணிக்கிறது. சில டிகிரிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் 1995 ஜூலையை நினைத்துப் பார்க்கலாம். ஒரே வெப்ப அலையில் சிகாகோவில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் முதியவர்கள், ஏழைகள், தனியே வாழ்ந்தவர்களே மிகுதி.

ஆனால் டெட்ராய்ட்டின் கதை மரம் இல்லாததில் தொடங்கவில்லை; இருந்த மரங்கள் போனதில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் அந்நகரத் தெருக்களின் இருமருங்கும் எல்ம் மரங்கள் நின்று மேலே கிளை கோத்துப் பந்தலிட்டிருந்தன. வண்டுகள் பரப்பும் ஒரு பூஞ்சை நோய் அவற்றைச் சாய்க்கத் தொடங்கியது. 1950-க்கும் 1980-க்கும் இடையே நோயாலும் நகர விரிவாலும் நகரம் இழந்த மரங்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம். அதே காலத்தில் ஆட்களும் போனார்கள். 1950-ல் சுமார் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-ல் 7.1 லட்சம். வரி வருமானம் வற்றியது. மரங்களைக் கவனிக்கும் துறைக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. பல நகரங்கள் எல்முக்குப் பதிலாக ஆஷ் மரங்களை வரிசை வரிசையாக நட்டன. ஒரே இனத்தை நம்பி ஒருமுறை கெட்டது போதாதென்று மறுபடியும் அதே தவறு. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு 2002-ல் டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் மரங்களின் கதையை அது முடித்து வைத்தது. 2013-ல் நகராட்சியே திவாலானது. மறு ஆண்டில், பட்டுப்போனவை அல்லது ஆபத்தானவை என்று குறிக்கப்பட்டு வெட்டப்படாமல் நின்ற மரங்கள் மட்டும் ஏறக்குறைய 20,000 என்று கணக்கிடப்பட்டது.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் கார்மைக்கேல், மரம் மறுத்தவர்களையும் நட வந்தவர்களையும் நேரில் விசாரித்து 2019-ல் ஆய்வை வெளியிட்டார். மரத்தின் நன்மை தெரியாதவர்களை அவர் அங்கே காணவில்லை. நிழல், குளிர்ச்சி, சுத்தமான காற்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கூடவே வேறு சிலவும் தெரிந்திருந்தது. மரம் நகராட்சியுடையது, ஆனால் இலை கூட்டுவது நாம். முறிந்த கிளைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும், வேர் தூக்கிய நடைபாதையில் இடறுவதும் நாம். மூன்றாண்டு முடிந்தால் யார் வருவார்கள்? சிலரின் நினைவில் 1967 இனக் கலவரமும் இருந்தது. அதற்குப் பிறகு ஹெலிகாப்டரிலிருந்து கறுப்பர்களைக் கண்காணிப்பதற்காகவே நகராட்சி மரங்களை வெட்டியது என்று அவர்கள் நம்பினார்கள். நகராட்சி மரங்களை வெட்டியதும் ஹெலிகாப்டரில் டி.டி.டி. பூச்சிக்கொல்லி தெளித்ததும் நடந்தவைதான், எல்ம் நோயே காரணம் என்றது அரசு. எந்தக் காரணம் சரி என்பது இங்கே இரண்டாம் விஷயம். யாரும் அவர்களைக் கேட்காமல் வெட்டினார்கள். இப்போது எந்த மரம், எந்த இடம் என்று கேட்காமல் நட வருகிறார்கள். கேட்காத பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஏழைகளின் தெருக்களில் மரம் நடுவதற்கே மறுப்புகள் உண்டு. வேலையும் தண்ணீர்க் கட்டணமும் பிரச்சினையாக உள்ள ஊரில் மரம் ஒரு கேடா என்பது ஒன்று. குளிர்சாதனம் வாங்க முடியாதவருக்கு நிழல்தான் குளிர்சாதனம் என்பதால், இதை ஆடம்பரக் கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டாவது மறுப்பு கனமானது: மரம் வந்தால் வீட்டு விலை ஏறும், வாடகை ஏறும், யாருக்காக நட்டோமோ அவர்களே வெளியேற நேரும். போர்ட்லாந்து நகரில் தெருமரம் ஒரு வீட்டின் விற்பனை விலையைச் சராசரியாக 8,870 டாலர் கூட்டுவதாக 2010-ல் வந்த ஆய்வு சொல்கிறது. சொந்த வீட்டுக்காரருக்கு இது லாபம், வாடகைக்காரருக்கு அச்சம். அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் வாடகையைக் கட்டுக்குள் வைக்க வீட்டுச் சட்டங்கள் இருக்கின்றன. ஏழைகளின் தெருவை வெயிலில் காயவிட்டு வாடகையைக் குறைவாக வைத்திருப்பது ஒரு கொள்கை ஆகாது. ஒரே இடத்தில் பளபளக்கும் பூங்கா கட்டாமல் பல தெருக்களில் பரவலாக நடுவது விலை ஓரிடத்தில் குவியாமல் தடுக்கவும் கூடும்.

மரம் உயிரைக் காக்கிறதா என்பதற்கு அதே ஆஷ் வண்டு எதிர்பாராத ஒரு சான்று தந்தது. வண்டு பரவிய 15 மாநிலங்களில் மரங்கள் மடிந்த மாவட்டங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, இதய நோயால் 15,080, சுவாச நோயால் 6,113 கூடுதல் மரணங்கள் மர இழப்போடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டது. தொடர்பு என்பதே காரணம் ஆகிவிடாது. என்றாலும் அதில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது: வருமானம் மிகுந்த மாவட்டங்களில் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. இழப்பதற்கு அங்கேதான் மரங்கள் இருந்தன என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எத்தனை நட்டோம் என்று எண்ணுவதை நிறுத்தி, பத்தாண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்று எண்ண வேண்டும். நடும் செலவோடு கவாத்துக்கும், பட்டதை வெட்டவும், உடைந்த நடைபாதையைச் சரிசெய்யவும் பணத்தை முதல் நாளே ஒதுக்க வேண்டும். எந்த மரம் என்பதை வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கட்டும். மறுக்கவும் அவருக்கு உரிமை இருக்கட்டும். டெட்ராய்ட் நிறுவனம் ஆய்வுக்குப் பிறகு மக்களைக் கலந்து முடிவெடுக்கும் பக்கம் நகர்ந்தது. அதைவிடக் கடினம் பணம் நிலைப்பது. 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நகர மரங்களுக்காக 150 கோடி டாலர் ஒதுக்கியது. பெரும்பகுதி பின்தங்கிய பகுதிகளுக்கு என்றே திட்டம். 2025 தொடக்கத்தில் அதிலிருந்து மரம் நடும் தொண்டு நிறுவனமான ஆர்பர் டே அறக்கட்டளைக்கு வழங்கப்பட்ட 7.5 கோடி டாலர் மானியம் ரத்தானது. அதை நம்பி வேலை தொடங்கிய உள்ளூர் அமைப்புகள், அடுத்த முறை கதவைத் தட்டும்போது மூன்றாண்டு தண்ணீர் ஊற்றுவோம் என்று எந்த முகத்தோடு சொல்லும்? அப்போது வேண்டாம் என்பவரை அறியாதவர் என்று சொல்ல யாருக்கும் தகுதியிருக்காது.